வேலூர், வட ஆர்க்காட்டில் ஸ்டாப் மோஷன் படமெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் சனி, ஞாயிறுகளில் நாங்கள் சிலர் சேர்ந்து பொம்மை அசைவூட்டப் பயிற்சி நடத்திவருகிறோம். அங்கு வரும் மாணவர்களும், அவர்களுடைய பெற்றோரும், எங்களுக்குக் கைகொடுக்கும் கைவினைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடையளித்திருக்கிறேன்.

ஸ்டாப் மோஷன் என்பது என்ன?

களிமண் பொம்மையோ மரப்பாச்சியோ தீக்குச்சியோ, கையால் தொடக்கூடிய ஒரு பொருளை மேசைமேல் நிறுத்தி ஒரு படம் எடுக்கிறோம். பிறகு அதை நெல்மணி அளவு நகர்த்தி இன்னொரு படம் எடுக்கிறோம். இப்படி எடுத்த படங்களை வரிசையாக ஓட்டும்போது அந்தப் பொருள் தானாக அசைவதுபோலத் தெரிகிறது. திரைப்படத்தில் வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு நிலையையும் இரண்டு சட்டங்களுக்கு நிறுத்திவைப்பது வழக்கமாதலால் வினாடிக்கு 12 நிலைகளும், நிமிடத்துக்கு 720 நிலைகளும் தேவைப்படும்.

வட ஆர்க்காடு என்று எந்தப் பகுதியைச் சொல்கிறீர்கள்?

வேலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய மாவட்டத்தைச் சொல்கிறேன். 1989இல் திருவண்ணாமலைப் பகுதி அதிலிருந்து பிரிந்தது. 2019இல் வேலூர் மாவட்டமே வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆட்சி எல்லைகள் மாறினாலும், கூத்துக் குழுக்களும் குயவர்களும் தோல் தொழிலாளர்களும் இந்த எல்லைகளைப் பார்த்துத் தொழில் செய்வதில்லை என்பதால் பழைய பெயரையே இங்கே பயன்படுத்துகிறேன்.

சினிமாவுக்கும் வேலூருக்கும் அப்படியென்ன தொடர்பு?

தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வதம்’ என்ற ஊமைப்படத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் 1885இல் வேலூரில் பிறந்தவர். சென்னையில் மோட்டார் வாகன உதிரிபாக வணிகம் செய்துவந்த அவர், ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் புனேயில் கேமராவைக் கையாளக் கற்றுக்கொண்டு, கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் இந்தியா ஃபிலிம் கம்பெனி என்ற பெயரில் படப்பிடிப்புக் கூடம் அமைத்தார். அன்றைய கேமராவைக் கையால்தான் சுழற்ற வேண்டும். வினாடிக்கு எத்தனை சட்டம் பதிவாகிறது என்பது சுழற்றுபவரின் மணிக்கட்டைப் பொறுத்தே இருந்தது.

அவர் எடுத்துக்கொண்ட கதையும் கவனிக்கத்தக்கது. விராட நகரத்தில் பாஞ்சாலியை இழிவுபடுத்திய கீசகனை வீமன் கொல்லும் அந்தக் கதை, எங்கள் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் ஊரார் அறிந்த பாரதக் கதைகளுள் ஒன்று. கேமரா வெளிநாட்டிலிருந்து வந்தாலும் கதை ஊரிலிருந்தே போயிற்று. எங்கள் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு நடராஜ முதலியாரின் பெயர் தெரிவதில்லை என்பதால் முதல் வகுப்பை நான் இங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

இந்தியாவில் ஸ்டாப் மோஷன் புதிதா?

இல்லை, அது நம் சினிமாவோடு கூடவே பிறந்தது. தாதாசாகேப் பால்கே தம் முதல் கதைப்படத்துக்குப் பணம் திரட்டுவதற்காக, பட்டாணி விதை முளைத்துச் செடியாவதை 1912இல் சட்டம் சட்டமாகப் படம்பிடித்துக் காட்டினார். 1915இல் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி ஒரு குறும்படமும் எடுத்தார். மராத்தியில் அதன் தலைப்புக்குத் தீக்குச்சிகளின் கும்மாளம் என்று பொருள் சொல்லலாம்.

தீப்பெட்டித் தொழிலுக்கும் கைத்தறி லுங்கிக்கும் பெயர்பெற்ற குடியாத்தம் எங்களுக்கு அடுத்த ஊர் என்பதால், புதிதாக வருபவர்களுக்கு முதல் பயிற்சியாகத் தீக்குச்சியையே கொடுக்கிறோம். விளக்குச் சூட்டருகே வேலை நடப்பதால் மருந்து தோய்க்காத வெறுங்குச்சிகளை வாங்கிக்கொள்ளுங்கள். பத்துக் குச்சிகள் வரிசையாக எழுந்து, நடந்து, ஒரு கோலமாக நின்றுவிட்டால் அந்த மாணவருக்கு இந்தக் கலையின் பாதி புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

‘உள்ளூர்த் திறமை’ என்கிறீர்களே, இங்கே அப்படி யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நீண்ட விடை சொல்ல விரும்புகிறேன். ஸ்டாப் மோஷன் படத்துக்குக் கேமரா தெரிந்தவர் ஒருவர் போதும். மண்ணைப் பிசையவும், மரத்தைச் செதுக்கவும், தோலைத் தைக்கவும், துணி நெய்யவும் தெரிந்த கைகள்தாம் ஏராளமாக வேண்டும். அந்தக் கைகள் வட ஆர்க்காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போய் இருக்கின்றன. அவர்களில் யாரும் தங்களை அசைவூட்டக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளாததால் நாம் அவர்களைத் தேடிப் போவதில்லை. என் கருத்தில் இங்கே உள்ள ஒரே குறை அதுதான்.

பாரதக் கூத்தின் கடைசி நாளில் நடக்கும் படுகளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். ஊர்த்திடலில் துரியோதனனை மல்லாந்து கிடக்கும் மாபெரும் மண்ணுருவமாகச் செய்கிறார்கள். விரிந்த கைகால்களும், முறுக்கிய மீசையும், வண்ணம் தீட்டிய மார்பும், தொடைக்குள் புதைத்து வைத்த செந்நீர்க் கலயமும் அதில் உண்டு. வீமன் வேடமிட்ட கூத்தர் கதாயுதத்தால் தொடையை அடிக்கிறார், செந்நீர் தெறிக்கிறது, பாஞ்சாலி கூந்தலை முடிக்கிறாள். மண்ணால் செய்த உடல் ஒரு கதாபாத்திரமாகிச் சாவதை ஊரே நின்று பார்க்கிறது. இதைச் செய்யும் குயவர், எந்த இடத்தில் மண்ணைக் கெட்டியாக அப்ப வேண்டும், எந்த இடம் அடிக்கு உடைய வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுச் செய்கிறார். உடைந்து சிதறும் காட்சியை மேசைமேல் அமைப்பதற்கு எங்களுக்கு வழிகாட்டியவரும் அப்படியொரு பெரியவர்தான்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா இன்னொன்று. வைகாசி முதல் நாளில் அம்மனின் சிரசு ஊர்வலமாக வந்து உடலில் பொருத்தப்படுகிறது. பக்தியோடு நடக்கும் அந்தச் சடங்கைத் தொழில்நுட்பத்தோடு ஒப்பிடுவது என் நோக்கமில்லை. ஆனாலும், தனியாகச் செய்த தலை ஓர் உடலில் வந்து அமரும்போது முகம் எப்படி உயிர்பெறுகிறது என்பதைச் சிறுவயது முதலே கண்ட பிள்ளைகளுக்கு, மாற்றுத்தலை முறையை, அதாவது ஒவ்வொரு முகபாவத்துக்கும் ஒரு தலை செய்து மாற்றிப் பொருத்தும் முறையை, விளக்க எனக்கு இரண்டு வாக்கியங்களே தேவைப்படுகின்றன.

தோல் தொழிலை மறந்துவிடக் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிற்கூடங்களில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்களின் விரல் நுட்பத்துக்கு ஈடாக நான் வேறெதையும் பார்த்ததில்லை. எங்கள் பாட்டிப் பொம்மைக்குக் கட்டைவிரல் நகத்தளவில் ஒரு சோடி செருப்பு தேவைப்பட்டபோது, ஆம்பூரில் வேலைசெய்யும் ஓர் அக்கா கழிவுத் துண்டொன்றை எடுத்து, ஓரத்தை ஸ்கைவிங் கத்தியால் காகிதம்போல் சீவி, மடித்து ஒட்டி, மேலே ஒரே வரி தையல் போட்டார். கேமராவை அருகில் கொண்டுபோனபோது அந்தத் தையலின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தது. பாட்டி முதல் அடி எடுத்துவைக்கும் காட்சியில் எல்லோரும் முகத்தை விட்டுவிட்டு அந்தச் செருப்பையே பார்க்கிறார்கள்.

காட்பாடிக்கருகே கரிகிரியில் மண்பாண்டம் வனைபவர்கள், குடியாத்தத்திலும் ஆரணியிலும் தறி நெய்பவர்கள், கூத்துக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்கும் தச்சர்கள் ஆகியோரைப் பற்றியும் இதுபோலவே எழுதிக்கொண்டு போகலாம்.

ஆம்பூர்த் தோலில் நிழல்பாவை செய்து படமெடுக்க முடியுமா?

முடியும், வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். தோல்பாவைக் கூத்துக்குரிய பாவைகள் ஒளி ஊடுருவும்படி பதப்படுத்திய ஆட்டுத்தோலில் செய்யப்படுபவை. அதனால் அவற்றின் வண்ணம் திரையில் தெரியும். ஷூவுக்கான தோல் ஒளியைத் தடுத்துவிடும் என்பதால் கருநிழல் மட்டுமே கிடைக்கும். கருநிழலிலேயே ஒரு முழுநீளப் படம் வந்திருக்கிறது. ஜெர்மனியின் லாட்டே ரைனிகர் கத்தரிக்கோலால் வெட்டிய உருவங்களைக் கண்ணாடி மேசைமேல் நகர்த்தி 1926இல் வெளியிட்ட இளவரசர் அகமதுவின் கதை, இன்று கிடைக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களில் மிகப் பழையது.

கூத்துக் கலைஞரிடம் பொம்மையை அசைப்பவர் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

நிற்கக் கற்றுக்கொள்ளலாம். தெருக்கூத்து இரவு முழுவதும் திறந்தவெளியில் நடப்பது. கடைசி வரிசையில் பாய்விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் அரசன் கோபமாக இருக்கிறான் என்று தெரிய வேண்டுமானால், தோளும் கழுத்தும் கால் அகலமும் அதைச் சொல்ல வேண்டும். முகத்தை மட்டும் நம்பி எதுவும் நடக்காது. ஒரு சாண் உயரப் பொம்மைக்கும் இதே நிலைதான்.

செய்யாறு வட்டத்தைச் சேர்ந்த புரிசை கிராமம் இந்தக் கலைக்குப் புகழ்பெற்றது. அவ்வூர்க் கண்ணப்பத் தம்பிரான் நவீன நாடகக்காரர்களும் தேடிச் சென்று கற்ற ஆசான். கூத்தர் திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டு, திரை விலகியதும் கிறுகிறுவெனச் சுற்றிக் கிறிக்கை அடித்து, சட்டென்று நிற்பார். அந்த நிறுத்தத்தில் உடல் ஒரே கணத்தில் உறைவதில்லை என்பதை, அலைபேசியில் மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் நானே கண்டுகொண்டேன். முதலில் கால் ஊன்றுகிறது, அடுத்து இடுப்பு நிற்கிறது, தோள் அதைத் தாண்டிச் சற்றுப் போய்த் திரும்புகிறது, கடைசியாகத் தலையலங்காரம் அதிர்ந்து அடங்குகிறது. இந்த வரிசையைப் பொம்மையில் எட்டு நிலைகளாகப் பிரித்துச் செய்தோம். அதுவரை மரக்கட்டைபோல் நின்ற எங்கள் அரசனுக்கு அன்றுதான் எடை வந்தது.

எந்த மண்ணைப் பயன்படுத்த வேண்டும்?

ஏரி வண்டல் மண்ணும் குயவர் மண்ணும் தண்ணீரால் பதப்படுபவை. விளக்கடியில் ஒரு மணிநேரம் வைத்தாலே உலர்ந்து வெடித்துவிடும். எனவே அசையாத பொருட்களுக்கும் அரங்க அமைப்புக்கும் அவற்றைப் பயன்படுத்துங்கள். அசையும் உருவத்துக்கு எண்ணெய் கலந்த பிளாஸ்டிசின் களிமண் வேண்டும், அது உலர்வதில்லை.

வேலூர் வெயிலில் அதற்கு வேறொரு சிக்கல் உண்டு. சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது பிளாஸ்டிசின் வெண்ணெய்போல் இளகி, பொம்மையின் கன்னத்தில் நம் கைரேகை பதிந்துவிடும். அந்த இரண்டு மாதமும் நாங்கள் விடியற்காலை 5 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு நிறுத்திவிடுகிறோம். தலைகளைக் காட்சிக்குக் காட்சி குளிர்பெட்டியில் வைத்தெடுக்கிறோம். மின்விசிறியைப் போட்டால் பொம்மையின் முந்தானை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பக்கம் பறக்கும் என்பதால் வியர்வையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பொம்மைக்குள் என்ன இருக்கிறது?

முறுக்கிய அலுமினியக் கம்பியால் செய்த எலும்புக்கூடு இருக்கிறது. பெரிய படங்களில் குண்டும் கிண்ணமுமாக அமைந்த எஃகு மூட்டுகளைப் பயன்படுத்துவார்கள். தொடங்குபவருக்குக் கம்பியே போதும். இரும்புக் கம்பி வளைத்த இடத்தில் நில்லாமல் திமிறும். அலுமினியம் சொன்ன இடத்தில் நிற்கும், ஆனால் பலமுறை வளைந்தபின் முழங்காலில் முறியும். ஆகவே கால்களைக் கழற்றி மாட்டும்படி செய்துகொள்ளுங்கள். பாதத்தில் ஒரு மரையைப் புதைத்து, மேசைக்கு அடியிலிருந்து திருகாணியால் முடுக்கினால்தான் பொம்மையால் ஒற்றைக்காலில் நிற்க முடியும்.

என்ன கேமரா, என்ன மென்பொருள்?

அலைபேசி போதும். பெரிய படக்கூடங்கள் ட்ராகன்ஃபிரேம் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. அலைபேசிக்கு ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ என்ற செயலி இருக்கிறது. முந்தைய படத்தை மங்கலாக மேலே காட்டும் வசதி எதில் இருந்தாலும் அது உங்களுக்கு உதவும். குவியத்தையும் ஒளியளவையும் வண்ணச் சமநிலையையும் தானியங்கியில் விடாமல் பூட்டிவிடுங்கள், ஜன்னலை அடைத்துவிடுங்கள். சூரியன் நகர்வதை நீங்கள் கவனிக்காமல் இருக்கலாம், படம் கவனித்துவிடும்.

மின்சாரத்தைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். பாட்டி மல்லிகைச் சரம் தொடுக்கும் காட்சியைக் காலையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம். 140ஆவது நிலையில் மின்சாரம் நின்றது. அரைமணி கழித்து வந்தபோது மின்னழுத்தம் குறைந்திருந்தது, விளக்கு மஞ்சளாக எரிந்தது. இருட்டில் யாரோ மேசைக்காலை இடித்ததில் பூக்கூடையும் விரலளவு நகர்ந்திருந்தது. எவ்வளவு முயன்றும் பழைய இடம் கிடைக்காததால் காட்சியை முதலிலிருந்து எடுத்தோம். அன்றைக்கு அழுத பெண்தான் இன்று எங்கள் குழுவில் மிகப் பொறுமையாக வேலை செய்பவள். மின்கலத்தில் எரியும் எல்இடி விளக்குகளை வாங்கிவிடுவது நல்லது. கூடையோ தட்டோ, மேசைமேல் உள்ள எதையும் ஒட்டாமல் விடாதீர்கள்.

பொம்மை தமிழ் பேசும்போது வாய் பொருந்துவதே இல்லையே, ஏன்?

இணையத்தில் கிடைக்கும் வாயசைவு அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கில ஒலிகளுக்கானவை. நாங்கள் தமிழுக்கு எட்டு வாய்களைச் செய்துவைத்திருக்கிறோம்: மூடிய வாய், ஆ, இ, உ, ஏ, ஓ, கீழுதடு பல்லைத் தொடும் வ, நாக்கு தெரியும் ல. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று பள்ளியில் படித்த இலக்கணம் இங்கே நேரடியாகப் பயன்படுகிறது: குறிலுக்கு இரண்டு சட்டம், நெடிலுக்கு நான்கு சட்டம் என்று தொடங்கி, பேசுபவரின் வேகத்துக்கேற்பத் திருத்திக்கொள்கிறோம். குரலை முதலில் பதிவுசெய்துவிட வேண்டும். வேலூர்ப் பேச்சில் உருதும் தெலுங்கும் இயல்பாகக் கலந்து வருவதை நீக்கி மேடைத்தமிழாக மாற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்கிருந்து ஒரு முழுநீளப் படம் வர முடியுமா?

வர முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். அதன் அளவைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். 90 நிமிடப் படத்துக்கு 64,800 நிலைகள் தேவை. நல்ல தேர்ச்சியுள்ளவரும் நாளொன்றுக்குச் சில வினாடிகளையே முடிக்க முடியும். அதனால்தான் பெரிய படக்கூடங்களில் பல மேசைகளில் ஒரே நேரத்தில் படப்பிடிப்பு நடக்கிறது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி நண்பர்களான பீட்டர் லார்டும் டேவிட் ஸ்ப்ராக்ஸ்டனும் 1972இல் ஆர்ட்மேன் நிறுவனத்தைத் தொடங்கி, 1976இல் அந்நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு சிறு களிமண் மனிதனை அசைத்து வளர்ந்த அவர்களுடைய முதல் முழுநீளப் படம் 2000இல்தான் வந்தது. அங்கே பின்னர் சேர்ந்த நிக் பார்க், மாணவராகத் தொடங்கிய ஒரு குறும்படத்தை முடிக்கவே ஏழாண்டுகள் ஆயின. அமெரிக்காவின் போர்ட்லண்டில் வில் விண்டன், பாப் கார்டினர் இருவரும் ஒரு வீட்டின் நிலவறையில் செய்த களிமண் குறும்படம் 1975இல் ஆஸ்கர் வென்றது. விண்டனின் முதல் முழுநீளப் படம் 1985இல் வந்தது. அவருடைய கூடத்திலிருந்தே பிற்பாடு லைக்கா என்ற ஸ்டாப் மோஷன் படக்கூடம் உருவாயிற்று. இரண்டு ஊர்களுமே சினிமாத் தலைநகரங்களாக இருந்தவை அல்ல. ஒரு கூடம் நிலைத்து நின்றதால் அங்கே பயின்றவர்கள் ஊரைவிட்டுப் போகாமல் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

நமக்கும் முதலில் 5 நிமிடப் படம், பிறகு 20 நிமிடப் படம் என்றுதான் வழி. தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்க் கணினி வரைகலைப் பணியில் சேர்ந்துவிடுவதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே மாதச் சம்பளம் தரும் கூடம் ஒன்று இல்லாதவரை அது தொடரத்தான் செய்யும்.

முறையாக எங்கே படிக்கலாம்?

சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அசைவூட்டமும் காட்சி விளைவுகளும் நான்காண்டுப் பட்டப்படிப்பாக உள்ளன. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அசைவூட்டப் பட வடிவமைப்பு கற்பிக்கப்படுகிறது. கல்லூரிகளில் பெரும்பாலும் கணினிவழி அசைவூட்டத்துக்கே முதலிடம் என்பதால், விடுமுறை நாட்களில் ஒரு குயவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மண் பிசையும் பழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கதையை எடுப்பது?

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் நடந்த சிப்பாய் எழுச்சியைத்தான் சொல்கிறார்கள். அருமையான கதைதான், ஆனால் நூற்றுக்கணக்கான பொம்மைகளும் ஓர் அகழியும் வேண்டும், அதிலும் தண்ணீரை அசைப்பது இந்தக் கலையிலேயே கடினமான வேலை. மணல் மட்டும் ஓடும் பாலாற்றில் ஊற்றுத் தோண்டி ஒரு குடம் தண்ணீர் எடுக்கும் சிறுமியின் கதைக்கு ஒரு பொம்மையும் ஒரு முறம் மணலும் போதும்.

உதவும் கைவினைஞர்களுக்கு என்ன கொடுக்க வேண்டும்?

கூலியும் பெயரும் கொடுக்க வேண்டும். நாள் கணக்கில் பேசி, வேலை தொடங்குமுன்பே பாதியைக் கொடுத்துவிடுங்கள். படத்தின் தலைப்பட்டியலில் ‘நன்றி’ என்ற பொதுச்சொல்லுக்குள் அவர்களை அடக்கிவிடாமல், மண் வேலை, மர வேலை, தோல் வேலை, நெசவு என்று துறையைக் குறிப்பிட்டு இயக்குநரின் பெயர் வரும் அதே எழுத்தளவில் போடுங்கள். எங்கள் குறும்படமொன்றை ஒரு போட்டியில் திரையிட்டபோது, நேரமில்லை என்று அந்தப் பட்டியலை மட்டும் வெட்டிவிட்டார்கள். அதைப் பார்ப்பதற்காகவே குடும்பத்தோடு பேருந்தேறி வந்திருந்த குயவரின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதன்பின் பெயர்களைப் படத்தின் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறோம்.

முடித்த படத்தை எங்கே திரையிடலாம்?

திரையரங்கில் வெளியிடத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். அதற்கான மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. குறும்படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் அசைவூட்டப் படங்களுக்குமென 1990 முதல் நடந்துவரும் மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் உங்கள் தெருவில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் திரையிடுங்கள். எந்த இடத்தில் ஆட்கள் எழுந்து போகிறார்கள் என்று அங்கேதான் தெரியும்.

படம் முடிந்தபின் பொம்மைகளை என்ன செய்வது?

பாதுகாத்து வையுங்கள். 2005 அக்டோபரில் ஆர்ட்மேன் நிறுவனத்தின் சேமிப்புக் கிடங்கு தீப்பற்றியதில் பல ஆண்டுகளின் பொம்மைகளும் அரங்குகளும் அழிந்துபோயின. நம் ஊரில் தீயைவிட எலியும் கரையானும் ஐப்பசி ஈரமும்தான் பயம். களிமண் தலைகளைப் பழைய பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, வேப்பிலைச் சருகு போட்ட தகரப்பெட்டியில் அடுக்கி, பரண்மேல் வைக்காமல் வீட்டின் குளிர்ச்சியான உள்ளறையில் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி வையுங்கள். கம்பி எலும்புகளை உள்ளேயே விடாமல் உருவி எடுத்துவிட்டால் அடுத்த பொம்மைக்கு அவை உதவும்.